அலுமாரிக்குள் போகாத பரிசு: வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் அம்மம்மாவின் இரும்பு அலுமாரியை வருசத்துக்கு ஒருமுறை நான்தான் துடைத்து அடுக்கிக் கொடுப்பேன். போன தை மாதம் திறந்தபோது மேல் தட்டில் இருந்தவை இவை: பொலித்தீன் பை பிரிக்காத ஐந்து துவாய், பெட்டியோடு ஒரு சுடுதண்ணிப் போத்தல், கனடாவில் இருந்து மாமா அனுப்பிய கால் பிடித்துவிடுகிற மெசின், லண்டன் சித்தி கொண்டுவந்த கம்பளிச் சால்வை. யாழ்ப்பாணத்துச் சூட்டுக்குக் கம்பளிச் சால்வை. ஏன் பாவிக்கவில்லை என்று கேட்டால், "நல்ல சாமான் மோனை, கிடக்கட்டும்" என்பார். அதே அம்மம்மா கிணற்றடிக்குப் போகும்போது பிடிக்க ஒன்றுமில்லாமல் சுவரைத் தடவித் தடவித்தான் போய்க்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் காசு அனுப்பிவிட்டு "அம்மாவுக்கு ஏதும் உபயோகமா வாங்கிக் குடுங்கோ" என்று சொல்லும் வேலை கன வருசமாக என் தலையில்தான் விழுகிறது. பிழையாக வாங்கியும் இருக்கிறேன், சரியாக வாங்கியும் இருக்கிறேன். முதல் சம்பளம் எடுத்த பேரப்பிள்ளையோ, ஊருக்கு வரப்போகும் மகளோ, யாராக இருந்தாலும் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒரு குனிவையோ ஒரு நடையையோ குறைக்காத சாமான் அலுமாரிக்குத்தான் போகும்.

முதல் வேலை: ஒரு நாள் கூட இருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் பெரியவரோடு ஒரு முழு நாள் இருக்க வேண்டும், விடிய எழும்புவதில் இருந்து இரவு படுக்கும் வரை. உதவி செய்யப் போகாதீர்கள். நீங்கள் உதவினால் அவர் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறார் என்பது தெரியாமல் போய்விடும். விறாந்தையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபடி இருங்கள்.

முதலில் சுவரைப் பாருங்கள். பழைய வெள்ளையடித்த சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்தில் கறுத்துப்போன இடங்கள் இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று இடம். அறை வாசல் நிலைக்கு வலப்பக்கம் ஒன்று, குசினிப் படி இறங்குகிற மூலையில் ஒன்று, கக்கூஸ் கதவடியில் ஒன்று. ஒவ்வொரு நாளும் கை ஊன்றி ஊன்றி எண்ணெயும் வியர்வையும் படிந்த கறை அது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கறையைப் பார்த்து "சுவரை ஊத்தையாக்கிப் போட்டியள்" என்று நான் சொன்னதுண்டு. கைப்பிடி எங்கே வேண்டும் என்று சுவர் காட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

அப்புறம் சின்னச் சின்ன அடையாளங்கள். தண்ணிப் பைப்பின் பிடியில் துணி சுற்றியிருந்தால் விரலில் பிடிப்பு இல்லை. மேல் தட்டில் இருந்த சீனிப் போத்தலும் தேயிலைப் பேணியும் நிலத்துக்கு இறங்கியிருந்தால் கை உயரவில்லை. குளிசைப் பைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தால் மட்டையை அமுக்கிக் குளிசை எடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர் "இஞ்ச இருந்தே கும்பிடலாம்" என்று சொல்லத் தொடங்கினால் பக்தி குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே இருக்க ஒரு கதிரை இல்லாததோ, போய்வரும் நேரத்துக்குள் சலம் வந்துவிடும் என்ற பயமோதான் காரணமாக இருக்கும்.

தூரத்தில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுப் பெடியனிடம் போனைக் கொடுத்து வீடு முழுக்க வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். பெரியவரைப் படம் எடுக்க வேண்டாம், சுவரையும் படியையும் நிலத்தையும் எடுத்தால் காணும்.

கேட்கிற விதம்

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான். "எனக்கென்னடா ராசா வேணும், நீங்கள் நல்லா இருந்தாக் காணும்." அதோடு கதை முடிந்துவிடும். "எது கரைச்சலா இருக்கு?" என்று கேட்டாலும் "ஒரு கரைச்சலும் இல்லை" என்பார்கள். கரைச்சல் என்று சொன்னால் உங்களைக் குறை சொன்னது போலாகிவிடும் என்ற பயம்.

ஒரு வேலையைப் பிடித்து, அதை எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். நான் கேட்டது இப்படி: "ராவில எழும்பினா லைற்றைப் போட்டிட்டோ போறனீங்கள்?" அம்மம்மா சொன்னார், "சுவிச் கதவுக்கு அங்கால எல்லே கிடக்கு. அதுவரைக்கும் இருட்டிலதான். எனக்குப் பழக்கம்." கட்டிலில் இருந்து கதவு வரை பத்தடி. 80 வயதில், அரைத் தூக்கத்தில், இருட்டில் பத்தடி. அன்றைக்கே மின்சார வேலை செய்கிற தம்பியைக் கூப்பிட்டுக் கட்டில் தலைமாட்டில் இன்னொரு சுவிச் வைத்தோம். அதே லைற்றை இரண்டு இடத்தில் இருந்தும் போட்டு நூர்க்கலாம். இதுவரை நான் கொடுத்த பரிசுகளில் இதுதான் திறம். பெட்டியும் இல்லை, வண்ணத்தாளும் இல்லை, அலுமாரிக்குள் வைக்கவும் முடியாது.

கிணற்றடியும் கக்கூசும்

காசு கொஞ்சம்தான் இருக்கிறது, ஒரே இடத்தில்தான் செலவழிக்கலாம் என்றால் இங்கே செலவழியுங்கள். வீட்டில் வயதானவர்கள் விழுகிற இடம் பெரும்பாலும் ஈரமான இடம். இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு நடை பழையபடி வருவது கடினம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கக்கூஸ் முற்றத்துக்கு அங்கால் தனியாக இருக்கும், குந்தி இருக்கிற வகை. முழங்கால் நோவுள்ளவருக்கு அது தினமும் ஒரு தண்டனை. அதை உடைத்துப் புதுக் கொமட் கட்ட எல்லோராலும் முடியாது. நடுவில் ஓட்டை உள்ள, நாலு கால் வைத்த கொமட் கதிரை வாங்கி அதே குழிக்கு மேலே வைக்கலாம். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கால்களின் அடியில் றப்பர் இருக்க வேண்டும். இருக்கும்போது பாதம் நிலத்தில் முழுதாகப் படிய வேண்டும், அந்தரத்தில் தொங்கக் கூடாது. கைப்பிடி இருபக்கமும் இருக்க வேண்டும். கடையிலேயே நீங்கள் இருந்து ஒருக்கா ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

கைப்பிடி பூட்டும்போது ஆட்கள் செய்கிற பிழை, துவாய் போடுகிற கம்பியையே கைப்பிடியாக நம்புவது. அது துவாயைத் தாங்கும், ஆளைத் தாங்காது. ரைல்ஸில் காற்றுப் பிடித்து ஒட்டுகிற பிளாஸ்ரிக் பிடிகளும் வருகின்றன. பார்க்க வடிவு, ஆனால் ஒருநாள் கழன்று கையோடு வரும். ஒன்றேகால் அங்குலத்தில் இருந்து ஒன்றரை அங்குலம் வரை தடிப்புள்ள துருப்பிடிக்காத இரும்புக் குழாய் எடுங்கள், கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க அதுதான் வாய்ப்பு. சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் விரல்கள் போய்வர இடம் விட வேண்டும், ஆனால் முழங்கை உள்ளே போய்ச் சிக்குகிற அளவுக்கு விடக் கூடாது. பழைய வீடு என்றால் கவனம். சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவரில் சின்ன ஆணி நிற்காது, உதிர்ந்து கொட்டும். மேசனைப் பிடித்து ஆழமாகத் துளைத்து, சீமெந்து வைத்து இறுக்கி, ஒரு வாரம் காயவிட்ட பிறகுதான் பிடிக்க விட வேண்டும். முதலில் நீங்கள் உங்கள் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பாருங்கள்.

கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருந்தால் எந்தப் புதுச் செருப்பும் உதவாது. ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்து உரஞ்சிக் கழுவி, வழவழப்பான இடத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாகப் பூசிவிடச் சொல்லுங்கள். இதை யாரும் பரிசு என்று நினைப்பதில்லை.

குளிக்கும் வாளியையும் மாற்றுங்கள். 10 லீற்றர் வாளி நிறையத் தண்ணி என்றால் 10 கிலோ. அதைத் தூக்கி ஊற்றுவது இளம் தோளுக்குச் சரி. 5 லீற்றர் வாளி ஒன்றும், நீளப் பிடி வைத்த கோப்பை ஒன்றும், இருந்து குளிக்க உயரமான ஸ்ரூல் ஒன்றும் வாங்கினால் மூன்றும் சேர்த்து ஒரு சேலை விலை வராது.

தண்ணித் தாங்கியும் மோட்டரும் உள்ள வீடு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மோட்டரைப் போட்டுவிட்டு, தாங்கி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் பெரியவர் அந்தரப்பட்டு ஓடுகிறாரா? நிரம்பியதும் தானாக நிற்கிற மிதவைச் சுவிச் ஒன்றைப் பூட்டிவிடலாம். பெரியம்மா வீட்டில் அதைப் பூட்டிய முதல் வாரம் அவர் பழக்கத்தில் ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் நாடகம் பார்த்து முடித்துத்தான் எழும்பினார்.

கதிரை, கட்டில், செருப்பு, பொல்லு

சாய்மனைக் கதிரை எங்கள் வீடுகளின் அரசன். அதில் சாய்வது சுகம், எழும்புவதுதான் யுத்தம். அதை எடுத்து எறியச் சொல்லவில்லை, எறியவும் விடமாட்டார்கள். பக்கத்தில் இருக்கை உயரமான, கைவைத்த மரக் கதிரை ஒன்றை வையுங்கள். முழங்கால் மடிப்பின் உயரத்துக்கு இருக்கை இருந்தால் கையை ஊன்றி எழும்பலாம். பிளாஸ்ரிக் கதிரை பாரம் இல்லாதது. ஊன்றி எழும்பும்போது பின்னால் வழுக்கிப் போகும். கட்டில் பதிவாக இருந்தால் நாலு காலுக்கும் அடியில் குழிவான மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். தச்சரிடம் அரை நாள் வேலை.

செருப்பு வாங்கக் கால் அளவை நம்பருக்குக் கேட்காதீர்கள், அவர்கள் சொல்வது முப்பது வருசத்துக்கு முந்தின நம்பர். பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், காகிதத்தில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குதிக்குப் பின்னால் பட்டி உள்ளதாக, அடி வழுக்காததாகப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கல்லோ முள்ளோ குத்தினாலும் தெரியாது. அவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்போடு நடப்பது நல்லது. வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பார்கள், அதனால் உள்ளே மட்டும் போட வேறு நிறத்தில் இன்னொரு சோடி கொடுங்கள்.

பொல்லு கொஞ்சம் நுட்பமான விசயம். "என்னைக் கிழவனாக்கிப் போட்டான்" என்று மனம் நோகும். எங்கள் ஊர் ஐயாமார் பலர் கறுப்புக் குடையைத்தான் பொல்லாக ஊன்றி நடந்தார்கள், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் குடையின் நுனி இரும்பு, ரைல்ஸில் வழுக்கும். அடியில் றப்பர் குமிழ் உள்ள பொல்லாக வாங்குங்கள். குமிழ் தேய்ந்தால் மாற்ற இன்னும் இரண்டு சேர்த்து வாங்குங்கள். உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வழமையாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பொல்லின் பிடி இருக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் நோ என்றால் இடது கையில் பொல்லு. சக்கர நாற்காலி அளவுக்குத் தேவை வந்துவிட்டால் நீங்களாகத் தெரிவு செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தைச் செயற்கைக் கால் செய்கிற இடமாகத்தான் பலருக்குத் தெரியும், நடக்க உதவும் சாதனங்களிலும் அவர்களுக்கு அனுபவம் உண்டு. ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது.

கோயில் விசயம் சொன்னேன் அல்லவா. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி ஆவணி வெயில். மடித்துக் கையில் கொண்டுபோகக் கூடிய சின்ன ஸ்ரூல் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பிறகு, ஐந்து வருசமாகப் பார்க்காத தேரை வீதியோரத்தில் இருந்து பார்த்தார். அந்த ஸ்ரூல் இப்போது செத்தவீடுகளுக்கும் போகிறது.

குசினி

தேங்காய் திருவுவதை ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். திருவலையைக் காலுக்குள் வைத்து, முதுகை வளைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் திருப்ப வேண்டும். முடிந்ததும் எழும்ப ஒரு கையைச் சுவரில் கொடுக்க வேண்டும். மேசை விளிம்பில் இறுக்கிக் கைபிடியைச் சுற்றித் திருவுகிற வகை எந்த இரும்புக் கடையிலும் இருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டு மேசையின் விளிம்பு எவ்வளவு தடிப்பு என்று அளந்துகொண்டு போங்கள். சீமெந்துத் தட்டில் அது பிடிக்காது. நான் அளக்காமல் வாங்கி, திருப்பிக் கொடுக்கப் போய்ப் பேச்சும் வாங்கினேன். முதல் கிழமை "பூ பெரிசாக வருது, சம்பலுக்குச் சரிவராது" என்று குறை வரும். மெதுவாகச் சுற்றினால் பூப்போல வரும் என்று கூட இருந்து காட்ட வேண்டும்.

இடியப்ப உரலைப் பிழிவதற்கு மணிக்கட்டில் பலம் வேண்டும். அதற்கு மெசின் தேடி அலைந்தேன், ஒன்றும் திருப்தி இல்லை. கடைசியில் அயலில் இடியப்பம் அவித்து விற்கிற அக்காவிடம் மாசக் காசு முதலே கொடுத்து, கிழமைக்கு மூன்று நாள் பின்னேரம் கொண்டுவந்து தர ஒழுங்கு செய்தேன். கட்டிய காசு வீணாகக் கூடாது என்று அம்மம்மாவும் மறுப்பில்லாமல் வாங்குகிறார்.

மூடி திறக்கவும் கத்தி பிடிக்கவும் விலையான சாமான் எதுவும் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை ஒரு சாண் வெட்டிப் போத்தல் மூடியில் சுற்றினால் வழுக்காது. கத்திப் பிடியிலும் அதையே சுற்றித் தடிப்பாக்கலாம். அமுக்கினால் தண்ணி வருகிற சுடுதண்ணிப் போத்தல், சரித்து ஊற்றுவதைவிடப் பாதுகாப்பு. ஆனால் சிலது அமுக்கக் கடினம், கடையில் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்து எடுங்கள். கொதித்ததும் தானாக நிற்கும் மின்கேத்தல் நல்லதுதான், எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட என்பதால் உள்ளே வெள்ளைப் படை கட்டும். மாசம் ஒருக்கா தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவிவிட ஆள் வேண்டும்.

மருந்தும் மெசின்களும்

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கால் வரும்போது கையில் ஒரு மாச மருந்து இருக்கும், ஒவ்வொன்றும் வெவ்வேறு சின்னப் பையில். வெள்ளைக் குளிசையே மூன்று வகை. காலை, மத்தியானம், இரவு என்று பிரித்த, ஏழு நாளுக்குமான குளிசைப் பெட்டி வாங்குங்கள். பெட்டியில் ஆங்கில எழுத்து இருந்தால் மேலே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நிரப்பப்போவது யார் என்று முதலே முடிவு செய்வது. நிரப்ப ஆள் இல்லாத பெட்டியால் ஆபத்துத்தான் வரும். ஈரம் படக் கூடாத சில குளிசைகளை மட்டையில் இருந்து பிரித்து வைக்கக் கூடாது, பாமசியில் ஒருக்கா கேட்டுவிடுங்கள்.

பிறஷர் பார்க்கும் மெசின் வாங்கினால் மணிக்கட்டில் கட்டுவதை விட்டு மேல்கையில் கட்டுவதை எடுங்கள். பட்டியின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும், சின்னப் பட்டி பெரிய கையில் பிறஷரைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிசம் சும்மா இருந்த பிறகுதான் பார்க்க வேண்டும். கூடவே ஒரு கொப்பி கொடுங்கள், கிளினிக்குக்கு அதுதான் தேவைப்படும்.

சீனி பார்க்கும் மெசினை வெளிநாட்டில் இருந்து அனுப்ப நினைப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். கனடாவிலும் லண்டனிலும் அளவு வேறு கணக்கில் வரும். அங்கே 8.5 என்று காட்டுவது இங்கே ஏறத்தாழ 153, அதாவது அந்த எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா புது மெசினில் 8.5 என்று கண்டு, சீனி இறங்கிப்போச்சு என்று பயந்து, இரண்டு கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்துவிட்டார். அவருக்கு மருத்துவர் சொல்லிவைத்தது 120, 150 என்ற கணக்குத்தான். அடுத்தது, மெசின் ஒருமுறைச் செலவு, அதற்குள் வைக்கிற பட்டி மாசாமாசம் வேண்டும். அந்த மெசினுக்கான பட்டி இங்கே கிடைக்காவிட்டால் அது பொம்மைதான். இங்குள்ள பாமசியில் பட்டி எப்போதும் இருக்கிற வகை எது என்று கேட்டு, மெசினையும் இங்கேயே வாங்குங்கள்.

மின்சாரச் சாமானுக்கும் இதே கதைதான். இலங்கையில் 230 வோல்ற், கனடாவில் 120. அங்கத்தைய சாமானின் அடியில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் சரி, 120 மட்டும் என்றிருந்தால் அனுப்பாதீர்கள். அந்தக் கால் பிடிக்கும் மெசினை ஒருநாள் எடுத்துச் செருகிப் பார்த்தோம். "டப்" என்று ஒரு சத்தம், பிறகு புகை. அம்மம்மாவுக்குக் கவலை எதுவும் இல்லை, மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். லண்டன் பிளக் இங்கத்தைய மூன்று சதுர ஓட்டை உள்ள பிளக்குக்கு அப்படியே பொருந்தும், பிரான்ஸ், ஜெர்மனிச் சாமானுக்கு வோல்ற் சரி, பிளக் மாற்ற வேண்டும்.

வெளிச்சம், காது, கூப்பிட ஒரு மணி

வயதான கண்ணுக்கு இளம் கண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். படியின் விளிம்பில் மஞ்சள் நிறப் பட்டி ஒட்டுங்கள், படி எங்கே முடிகிறது என்று தெரியும். ஆள் நடந்தால் தானாக எரிகிற சின்ன லைற் அறைக்கும் கக்கூசுக்கும் நடுவில் நல்லது. அதிலும் சார்ஜ் பண்ணுகிற வகையைத் தவிர்த்து நேராகச் செருகுகிற வகையை எடுங்கள். சார்ஜ் பண்ண மறந்துபோகும். கரண்ட் போனால் தானாக எரிகிற அவசர விளக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம் யாருக்கும் மறந்திருக்காது.

போன் என்றால் பெரிய பொத்தான் வைத்தது. தொடுதிரைப் போனை வீடியோவில் பேரப்பிள்ளையைப் பார்க்க மட்டும் வையுங்கள், அவசரத்துக்கு அது சரிவராது. எண் 2ஐ அழுத்திப் பிடித்தால் மகளுக்கு, 3 என்றால் பக்கத்து வீட்டுக்கு என்று பதிந்து கொடுங்கள். சுவரில் ஒரு வெள்ளைத் தாளில் விரல் நீளத்துக்கு எழுத்தாக 1990 என்று எழுதி ஒட்டுங்கள், அது காசில்லாமல் வரும் அம்புலன்ஸ் இலக்கம். அதற்குக் கீழே வீட்டுக்கு வரும் வழியைக் கோயிலையோ சந்தியையோ அடையாளம் வைத்து இரண்டு வரியில் எழுதுங்கள். பதட்டத்தில் சொந்த ஒழுங்கையின் பெயரே வாயில் வராது.

காது கேட்கும் கருவியைப் பரிசாக வாங்காதீர்கள். சோதித்துப் பார்த்து அந்தக் காதுக்கென்று சரிசெய்யாவிட்டால் அது இரைச்சல் பெட்டி. கூட்டிக்கொண்டு போய்ச் சோதிக்கிற அந்த ஒரு நாளைப் பரிசாகக் கொடுங்கள்.

முந்தி எங்கள் வளவுகளில் கிடுகு வேலி, அதில் ஆள் புகுந்து போய்வர ஒரு பொட்டு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "என்ன அக்கா?" என்று கேட்கும். இப்போது ஆளுயர மதில். அதனால் கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்று வாங்கி, பொத்தானைக் கட்டில் பக்கத்திலும் மணியைப் பக்கத்து வீட்டு விறாந்தையிலும் வைத்தோம். மதிலுக்கு ஊடாகக் கேட்குமா என்று பூட்டுவதற்கு முதலே சோதித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது இதுவரை அடித்தது முருங்கைக்காய் கொடுக்கத்தான்.

காசில்லாத இரண்டு பரிசுகளையும் சொல்லிவிடுகிறேன். 60 வயது கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைகிற வேலையை நீங்கள் பாருங்கள். கிளினிக் நாளுக்குத் தெரிந்த ஓட்டோத் தம்பி ஒருவரை மாசத்துக்குப் பேசி, காசை நீங்களே அவருக்கு நேராகக் கொடுங்கள். பெரியவர் கையில் கொடுத்தால் அது கொட்டைப்பெட்டிக்குள் போய், அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்.

கொடுத்த பிறகு

பெட்டியோடு கொடுக்காதீர்கள். பிரித்து, பூட்டி, இரண்டு மூன்று தரம் பாவித்துக் காட்டி, அந்தப் பெட்டியை நீங்களே கொண்டுபோய்விடுங்கள். பெட்டி இருந்தால் சாமான் அதற்குள் திரும்பிப் போய்விடும். விலையைக் கேட்பார்கள், பாதி சொல்லுங்கள். பழைய சாமானை உடனே எறிய வேண்டாம், ஒரு மாசம் இரண்டும் இருக்கட்டும்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள். பாவிக்காத சாமானைக் கண்டால் கோபிக்காமல், அதை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கைப்பிடி பூட்டியதும் சுவருக்கு வெள்ளையடித்தோம். பத்து நாளில் குசினிப் படியடியில் மட்டும் பழையபடி கறை விழத் தொடங்கியது, பிடிக்கு ஒரு சாண் கீழே. மேசன் தன் உயரத்துக்கு வைத்துப் பூட்டியிருந்தார். கழற்றிக் கறை இருந்த இடத்தில் வைத்தோம்.